கிராணியார் அழிக்க மாட்டாரு

குணா மச்சான்,

எப்படிடா இருக்க, சிங்கப்பூர் போனதும் ஆளையே காணோம். இங்க சுங்கை சிப்புட்டுல அதே மழ, அதே குலை லோரி, அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் புதுசு. பசியாறிட்டு உக்காந்து இத டைப் பண்றேன்.

அந்த செம்பனை குலை கணக்கு சிஸ்டம் என்னாச்சுன்னு கேட்டல்ல, மானத்த வாங்கிருச்சுடா. தோட்டத்துக்குள்ள லைன் கெடைக்காத எடத்துல ஃபோன் எடை டிக்கெட்ட (யாரு எத்தன கிலோ குலை வெட்டுனாங்கன்ற சீட்டு) அனுப்பும், பதில் வரலன்னா மறுபடி அனுப்பும், நான் சர்வர்ல எழுதி வச்சது என்னன்னா வந்தத அப்படியே மொத்தத்தோட கூட்டு, அவ்ளோதான், அதனால 1,240 கிலோ வெட்டுனவருக்கு 2,480 ஏறிருச்சு.

அதுகூட பரவால்ல. 2025 பிப்ரவரியில மலேசியாவுல குறைந்தபட்ச சம்பளம் 1,500லேருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சுல்ல, புரோகிராம் உள்ள இருந்த அந்த ஒரே நம்பர மாத்திட்டு நிம்மதியா தூங்கிட்டேன். மார்ச்சுல ஒருத்தர் லோனுக்கு ஜனவரி சம்பள சிலிப் கேட்டாரு. 1,380 வெள்ளி சம்பாதிச்சவருக்கு மிச்சம் போட்டுக் குடுக்க வேண்டியது 120, பிரிண்ட்ல 320ன்னு நிக்குது! முடிஞ்சு போன மாசம் எப்படிடா மாறும்?

அப்பாகிட்ட பொலம்புனேன். "எங்க தோட்டத்து ஆபீஸ் கணக்கர், பெரிய கிராணி, செக்ரோல்ல (சம்பளப் பதிவேட்டுல) அழிரப்பரே தொட மாட்டாரு, தப்புன்னா செவப்பு மையில ஒரு கோடு, கீழ புது வரி"ன்னாரு. ஹாஸ்கெல்னு ஒரு புரோகிராம் மொழி கிளாஸ்ல தூங்குனோமே, அங்க சொன்னது இதத்தான்: ஒரு தடவ குடுத்த மதிப்ப மாத்தாத, புதுசா ஒண்ணு எழுது.

ஒக்காந்து மாத்தி எழுதிட்டேன். டிக்கெட் உள்ள வந்தா வந்ததுதான், யாரும் திருத்த முடியாது, ஒரே நம்பர் ரெண்டு தடவ வந்தா ஒண்ணுதான். மொத்தம்னு எதையும் சேத்து வைக்கல, கேக்குறப்ப டிக்கெட்டுங்கள முதல்லேருந்து வரிசையா ஒண்ணொண்ணா கூட்டி எடுக்குறேன், அதத்தான் ஃபோல்டுன்னு சொல்லுவாங்க. சம்பளம் போடுறது ஒரு ப்யூர் ஃபங்ஷன், டிக்கெட்டும் அந்த மாச ரேட்டும் உள்ள குடுத்தா சிலிப் வெளிய வரும், கடிகாரத்தையும் பாக்காது டேட்டாபேஸையும் பாக்காது. ஜனவரி ரேட்ட குடுத்தா இன்னைக்கும் 120, அடுத்த வருசமும் 120. டெஸ்ட் பண்ண எடை போடுற எடத்துல போய் காய வேணாம், ராத்திரி வீட்டுலயே மூணு டிக்கெட் போட்டு பாத்துக்குறேன். (ப்யூர் ஃபங்ஷன்னு சொன்னதுக்கு அப்பா, யாரு வீட்டுலன்னு கேக்குறாரு.)

பிரிண்டரையும் ப்யூர் ஆக்குறேன்னு கெளம்பி ரெண்டு வாரம் வீணாச்சு, அந்த வேலைக்கு மட்டும் போயிடாத. பிரிண்டர், லைன், தராசு எல்லாம் வெளிய கெடக்கட்டும், கணக்கு மட்டும் உள்ள சுத்தமா இருந்தா போதும்.

இதெல்லாம் பரீட்சைக்குன்னு நெனச்சோம்ல? நம்ம தண்டல் (மேஸ்திரி) பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கூப்புடுறதுக்கு, வாய்ஸ் மெசேஜ் போடுற வாட்ஸ்அப் சர்வரே எர்லாங்ல எழுதுனது, எரிக்சன்காரங்க 1986ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குன்னு ஆரம்பிச்ச மொழி, அதுல ஒரு வேரியபிளுக்கு மதிப்பு குடுத்தாச்சுன்னா மாத்தவே முடியாது. 2012லயே ஒரே சர்வர்ல 2 மில்லியன் கனெக்‌ஷன் தாங்குச்சு.

இப்ப ஒரு சிக்கல். டிக்கெட் ரத்துன்னா எதிர் எடை போட்டு புது வரி எழுதுறேன். ஆனா லைன் இல்லாத ஃபோன்லேருந்து அசல் டிக்கெட் லேட்டா வந்து, ரத்து முன்னாடியே வந்துட்டா? மாசக் கடைசியில கணக்கு சரியாயிடுது, நடுவுல பாக்குறவருக்கு மைனஸ் கிலோ தெரியுது, நேத்து ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு. நீயா இருந்தா என்னடா பண்ணுவ?

தீபாவளிக்கு வர்றப்ப உன் ஹாஸ்கெல் நோட்ஸ் இருந்தா எடுத்துட்டு வா, என்னோடத கரையான் தின்னுருச்சு.

சேகர்