567.9 அலமாரிப் பக்கம் இருந்தவர்களுக்கு

சிறுவர் நூலகத்தில் வாசிப்புச் சவாலை நடத்திய அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை பரிசளிப்பு விழா முடிந்ததும் ஒவ்வொருவரையும் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்ப நினைத்தோம். ஆனால் சின்னவள் தூக்கத்துக்கு அழ ஆரம்பித்துவிட்டாள், அவளுடைய ஒற்றைக் காலணியை வேறு காணோம். அதைத் தேடியே பத்து நிமிடம் போனது. கடைசியில் தூரத்திலிருந்து கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டோம். மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவாலில் சேர மகன் பெயரைக் கொடுத்தது நான்தான், அவனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. விடுமுறைக்குள் பத்துப் புத்தகம் என்றதும் "பத்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வகுப்பில் எழுந்து வாசிக்க வேண்டிய நாளென்றால் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும்.

பதிவு மேசையில் இருந்த நூலகர் எந்த வகுப்பு என்றோ எவ்வளவு மதிப்பெண் என்றோ கேட்கவில்லை. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றார். டைனோசர் என்றான். ஒரு துண்டுச் சீட்டில் 567.9 என்று எழுதிக் கொடுத்து, "இது எங்கே இருக்குன்னு நீயே கண்டுபிடி, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்க, அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டில் டைனோசர்களின் இடம் அது. புத்தக முதுகுகளில் ஒட்டியிருந்த எண்களை விரலால் தடவிக்கொண்டே போனான். 567-இல் நின்றான், 568 வரை போனான், திரும்பி வந்தான். புள்ளி வைத்த எண் என்றாலே பள்ளியில் தடுமாறுகிறவன், 567-க்கும் 568-க்கும் நடுவில்தான் 567.9 இருக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தான். அன்று முதல் வீட்டில் எதற்கெடுத்தாலும் எண்தான். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் 595.7. "பாட்டி, நீ சொல்றதெல்லாம் 398.2" என்பான். நாட்டுப்புறக் கதைகளுக்கான எண்ணாம். அம்மா அதை ஏதோ திட்டு என்றுதான் முதலில் நினைத்தார்.

அந்தத் துண்டுச் சீட்டுக்கு நன்றி. இன்னும் அவன் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

அடுத்து, ஜன்னலோர மேசையில் கதை கேட்க உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள். ஒரு புத்தகம் முடித்த பிள்ளை அவர்களிடம் போய்ச் சொன்னால்தான் அட்டையில் முத்திரை விழும். உள்ளுக்குள் எனக்குப் பயம், இதுவும் ஒரு வாய்மொழித் தேர்வாகிவிடுமோ என்று. ஆனால் அந்த மேசையில் நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "அப்புறம் என்ன ஆச்சு?" நான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. "சரி, இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" அதைக் கேட்ட கணமே பிள்ளையின் முகம் மூடிக்கொள்வதை இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது நானும் "அப்புறம்?" என்றுதான் கேட்கிறேன். நாக்கின் நுனியில் நீதி வந்து நிற்கும், விழுங்கிக்கொள்கிறேன்.

என்னைப் பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி சொல்ல வேண்டும். நான்காவது புத்தகமாக அவன் படக்கதையை எடுத்தான். ஆறாவதாக, ஏற்கெனவே படித்த டைனோசர் புத்தகத்தையே மறுபடியும் எடுத்தான். இதெல்லாம் கணக்கில் வருமா என்று கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன். நூலகர் பதில் பேசவில்லை, சுவரைக் காட்டினார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென வகுத்துத் தந்த ஐந்து விதிகள் அங்கே ஒட்டியிருந்தன. இரண்டாவது விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். வாசகர் என்பது இங்கே என் மகன், நான் இல்லை. புரிந்தது. முத்திரையும் விழுந்தது.

விழாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, இரண்டை மட்டும் சொல்கிறேன். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைக்காமல், நாலே புத்தகம் படித்த பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துக் கைதட்ட வைத்தீர்களே, அது ஒன்று. மற்றொன்று சான்றிதழ். மகன் பெயரில் வரும் ழகரம் ளகரமாகிவிட்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை, மேடையிலிருந்து இறங்குவதற்குள் அவனே பார்த்துவிட்டான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்! நூலகர் சங்கடப்பட்டு மன்னிப்புக் கேட்க, "பரவாயில்லை அக்கா, நானும் முன்னாடி அப்படித்தான் எழுதுவேன்" என்றான். அவன் கையிலேயே பேனாவைக் கொடுத்துத் திருத்தச் சொன்னீர்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு அவன் அந்த ழவைப் போட்ட படம்தான் எங்களிடம் இருப்பதிலேயே நல்ல படம். மற்றதிலெல்லாம் யாரோ ஒருவரின் பாதித் தலை.

அண்ணன் பின்னாலேயே மேடையேறிவிட்ட மூன்று வயதுக்காரியைக் கீழே இறக்காமல், ஒரு வெற்றுச் சான்றிதழில் அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தவருக்குத் தனி வணக்கம். பெயர் தெரியவில்லை, நீலக் கண்ணாடி போட்டிருந்தீர்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு நன்றி பாக்கி. என் அப்பாவுக்குக் காது மந்தம். பேரன் முணுமுணுத்தால் "என்னது?" என்பார். அதே வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் இன்னொரு முறை. இரவு இரவாக இப்படியே பத்துப் புத்தகம் ஓடியது. அவன் குரல் திறந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். சில வரிகள் அப்பாவுக்கு முதல் தடவையே கேட்டிருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. கேட்டால் அதற்கும் "என்னது?" என்கிறார்.

கடைசியாக ஒன்று. சவாலின்போது நாங்கள் திருப்பித் தந்துவிட்டதாகச் சாதித்த அந்தப் பூச்சிப் புத்தகம் நேற்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து கிடைத்தது. தேதி தாண்டிவிட்டது. சனிக்கிழமை அபராதத்தோடு வருகிறோம்.

இப்படிக்கு,
பத்து முத்திரை வாங்கியவனின் அம்மா