ஒரு கிளிக்குக்கு இருபது வருடக் காப்புரிமையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாபார முறைகளுக்கும் காப்புரிமை கொடுத்தால்தான் நம் ஸ்டார்ட்அப்கள் வளரும், வியாபார முறைக்கும் வெறும் மென்பொருளுக்கும் காப்புரிமை இல்லை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவைத் தூக்கிவிட வேண்டும் என்று போன இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1998இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற வழக்கில் வியாபார முறைகளுக்கும் காப்புரிமைக் கதவு திறந்தது. மறுவருடமே அமேசானுக்கு ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது தடை உத்தரவும் வாங்கிவிட்டார்கள். எதிராளி என்ன செய்தார் தெரியுமா? கூடுதலாக ஒரு கிளிக் சேர்த்தார், அவ்வளவுதான்! தடை 2001இல் மேல்முறையீட்டில் விலகினாலும் காப்புரிமை 2017 வரை இருந்தது.

நம் மருந்து விஷயத்தைப் பாருங்கள். 1970ஆம் வருடச் சட்டப்படி 2005 வரை இங்கே மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். அதனால் நம் கம்பெனிகள் அதே மருந்துக்கு வேறு செய்முறை தேடின, விலையும் இறங்கியது. ஒரு முறைக்கு உரிமை கொடுத்தால் மற்றவர்களுக்கு வேறு வழி மிச்சம் இருக்க வேண்டும். ஒரே கிளிக்கில் வாங்குவதற்கு வேறு என்ன வழி இருக்கிறது, இரண்டு கிளிக்கா?

அப்புறம், காப்புரிமை இலவசம் இல்லை. 20 வருடம் போட்டியில்லாத விலையை நாம்தான் கொடுக்கிறோம். சோதனைக்கூடத்தில் வருடக்கணக்கில் பணத்தைக் கொட்டியவருக்கு அது நியாயம், ஆனால் ஒரே கிளிக் வசதியைக் காப்புரிமை இல்லாவிட்டாலும் அமேசான் கொண்டுவந்திருக்கும், விற்பனை கூடுகிறதே.

கணினி என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரப்பர் அச்சில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டு, நேரம் வந்ததும் அச்சைத் திறக்கும் முறையை 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது, அங்கே நிஜமாகவே ஒரு பொருள் மாறுகிறது. அதே நீதிமன்றம்தான் 2010இல் பில்ஸ்கி என்பவரின், விலை ஏறி இறங்கும் அபாயத்தைச் சமாளிக்கும் முறையையும், 2014இல் ஆலிஸ் நிறுவனத்தின் பணப் பட்டுவாடா முறையையும் தள்ளியது. வெறும் யோசனையைக் கணினியில் ஏற்றினால் கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று ஆலிஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

இங்கேயும் 2004 கடைசியில் ஒரு அவசரச் சட்டம் மென்பொருளுக்கு 3(கே) பிரிவைத் தளர்த்தப் பார்த்தது, 2005இல் நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. சரி, காப்புரிமை இல்லாததால் இந்தியாவில் வராமலே போன ஒரு வியாபார முறையையாவது கட்டுரையாளர் அடுத்த இதழில் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை