போஸ்டரில் இருப்பவர் படத்தில் இல்லை: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் நான் காசு கொடுத்து வாங்கிப் பார்த்த கராத்தே சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் பற்றிய புகார் இது. ரசீதை இணைத்திருக்கிறேன்.

குறைந்த செலவில் எடுத்த படம் என்பது என் புகார் அல்ல. இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். ஒரே கிடங்கை வில்லனின் மாளிகை, போலீஸ் நிலையம், பயிற்சிக்கூடம் என்று மூன்றாகக் காட்டினாலும் சிரித்துக்கொண்டே பார்ப்பேன். நடிகர் மாறுவதும் குற்றமில்லை. 2006-இல் வந்த 'அண்டிஸ்பியூட்டட் 2' திரையரங்குக்கே போகாமல் நேராக டிவிடியில் வந்தது. முதல் பாகத்தில் விங் ரேம்ஸ் செய்த பாத்திரத்தை அதில் மைக்கேல் ஜெய் வைட் செய்தார். முதல் பாகத்தைவிட அதுதான் மேல் என்று இன்றும் ரசிகர்கள் வாதாடுகிறார்கள். காரணம், அதில் எதிராளியாக வரும் ஸ்காட் அட்கின்ஸ் சுழன்று உதைத்தால் தலை முதல் கால் வரை திரையில் தெரியும்.

நீங்கள் விற்ற படத்தின் போஸ்டர் முழுக்க முதல் பாகத்து நாயகன்தான். படத்தில் அவருக்கென்று புதிதாக எடுத்த காட்சி ஒன்றே ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்தபடி போனில் "நீ தயாராகிவிட்டாய்" என்கிறார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் முதல் பாகத்திலிருந்து வெட்டி ஒட்டிய பழைய சண்டை. ப்ரூஸ் லீ 1973-இல் காலமான பிறகு, அவர் முடிக்காமல் விட்ட 'கேம் ஆஃப் டெத்' படத்தை டூப் வைத்து ஒப்பேற்றி 1978-இல் வெளியிட்டார்கள். அங்கே நாயகன் உயிரோடு இல்லை. இங்கே அவர் போனில் பேசுகிறார்!

இதற்கெல்லாம் தயாரிப்பாளரைக் கை காட்டுவீர்கள், சரி. ஆனால் படச் சட்டத்தை (ஃபிரேமை) வெட்டியது யார்? கடைசிச் சண்டையில் புது நாயகன் வலது பக்கம் உதைக்கிறார். முழங்காலோடு திரை முடிந்துவிடுகிறது. "தொப்" என்று சத்தம். அப்புறம் தரையில் ஒருவர் கிடக்கிறார். உங்கள் தளத்திலேயே இருக்கும் டிரெய்லரைப் பாருங்கள். அதே உதை, அகன்ற சட்டத்தில், அடி வாங்குகிறவர் முகத்தோடு முழுசாக இருக்கிறது. டிவி திரையை நிரப்புவதற்காக இரண்டு ஓரத்தையும் நறுக்கிய பிரதியை ஏற்றியிருக்கிறீர்கள். சண்டைப் படத்தில் ஓரத்தை நறுக்கினால் எதிராளியே போய்விடுவான்.

இதை எழுதிக் கேட்டதற்கு, "படம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் திருப்பித் தர இயலாது" என்று பதில் வந்தது. பிடிக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? பார்க்க முடிந்த அளவுக்குப் புது நாயகன் நன்றாகவே சண்டை போடுகிறார், பாவம். போஸ்டரில் அவர் முகத்துக்குத்தான் இடமில்லை.

என் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அல்லது நறுக்காத பிரதியை ஏற்றி எனக்குத் தெரிவியுங்கள். எதுவானாலும் போஸ்டரையும் நடிகர் பட்டியலையும் திருத்துங்கள். நகல் எடுத்து ஒட்டிய பதில் வேண்டாம். அந்த டிரெய்லரையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர் எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, டிரெய்லரிலும் படத்திலும் அதே காட்சியின் திரைப்பிடிப்புகள்