நீத்துப்பெட்டிக்கும் புட்டுக்கும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

எங்கள் வீட்டு இளையவர்கள் பனையோலையில், புட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பெட்டியான நீத்துப்பெட்டி இழைக்கவும், இழைத்த பெட்டியிலேயே புட்டு அவிக்கவும் பழகிவிட்டார்கள். புட்டு பூப்போல உதிர்ந்தால் குசினியில் நின்றவருக்குத்தான் பாராட்டு. பெட்டி இழைத்தவரை யாரும் கேட்பதில்லை. அதனால் இந்த மடலைப் பனையடியிலிருந்தே தொடங்குகிறோம்.

குருத்து வெட்டித் தந்த அண்ணைக்கு முதல் நன்றி. விரியாத குருத்துத்தான் பெட்டிக்கு உகந்தது. விரிந்து முற்றிய ஓலை வேலியடைக்கவும் கூரை வேயவும் சரி. இழைக்கும்போது மடிப்பில் வெடித்துவிடும். பனை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும் என்பதால், ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் கை வைக்க அவர் ஒப்பவில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக இலங்கையின் வடக்கில் எத்தனை பனைகள் தறிக்கப்பட்டன என்பதை அறிந்தவர்கள் அந்தப் பிடிவாதத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஓலை காயப்போட முற்றம் தந்த மாமிக்கும் நன்றி. சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் குருத்து வெளுத்துவிடும். ஒரு மழை நனைத்தாலும் கபிலப் புள்ளி விழும். அந்தப் புள்ளியிலிருந்துதான் பிறகு பூஞ்சணம் பிடிக்கும். மாலையில் ஓலையை மறக்காமல் உள்ளே எடுத்து வைத்தவர் அவர்தான்.

இனி ஆச்சிக்கு. இந்தப் பெட்டிகளின் அழகும் உறுதியும் அவருடைய கண்டிப்பில் வந்தவை. ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் ஓலையை ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரே சீராக வார வேண்டும். அகலம் கூடிக் குறைந்தால் இழைப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கூம்பு சரிந்துவிடும். வார்ந்ததை ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம், தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. ஊறிய ஓலை இழைக்க இலகுதான். ஆனால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும், அந்த வழியால் மா கொட்டும். காய்ந்த ஓலையோ வளைக்கும்போது முறியும். இழைக்கத் தொடங்குமுன் பானை வாயை நூலால் அளக்க வைத்தவரும் ஆச்சிதான். கூம்பின் முனை பானைக்குள் இறங்கி நிற்க, மேற்பகுதி பானை வாயில் இறுக உட்கார வேண்டும். வாய் அகன்ற பெட்டி மேலேயே நின்றுவிடும். ஒடுங்கிய பெட்டி தண்ணீருக்குள் போய்விடும்.

இழைப்பு நெருக்கமாக இருந்தால் நல்ல பெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. கடகம் என்ற ஓலைக்கூடைக்கு அது சரி. நீத்துப்பெட்டியில் ஆவி ஏற வேண்டும், மா இறங்கக் கூடாது. அந்த இடைநடுவைக் கைதான் அறியும். வாயில் ஓலை நுனிகளை மடித்து உள்ளே செருகி முடிக்கிறார்கள். ஒழுங்காகச் செருகாவிட்டால் நாலாம் நாளே பிரியும். சாயம் போட்ட ஓலையை ஆச்சி தொடவே விடவில்லை. கடைகளில் நிறநிறமாகத் தொங்கும் பெட்டிகள் பார்வைக்கு. அடுப்பில் வைத்தால் சாயம் புட்டில் இறங்கும்.

புட்டுக்குப் பெரியம்மாவுக்கு நன்றி. தகரக் குவளையான பேணியால் அவர் சொன்ன அளவு இது: வறுத்த சிவப்பரிசி மா இரண்டு பேணி, அவித்த கோதுமை மா ஒரு பேணி, தேங்காய்ப்பூ ஒரு பேணி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கொதித்துச் சற்று ஆறிய நீர் ஒரு பேணிக்குச் சற்றுக் கூட. (கோதுமை மாவை வயதானவர்கள் இன்னும் ‘அமெரிக்கன் மா’ என்றுதான் சொல்கிறார்கள்.) கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்ததும் சூட்டோடு உதிர்த்து அரித்துவிட வேண்டும். ஆறவிட்டால் கல்லாகிவிடும், பிறகு உலக்கைதான் வேண்டும். அரிசி மா வறுபட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம்போல இழுக்கலாம். கோடு அறுபடாமல் விழுந்தால் பதம்.

நீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறி, பிறகு பேணியின் விளிம்பால் கொத்த வேண்டும். மணிகள் குறுணி அளவில் நிற்க வேண்டும். பெரிதாக விட்டால் நடுவில் பச்சை மா இருக்கும். தூளாகக் கொத்தினால் பெட்டிக்குள் இறுகி ஆவி ஏறாது. தண்ணீர் கூடிவிட்டதா? இன்னும் கொஞ்சம் வறுத்த மா தூவிக் கொத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கொத்தியதில் தேங்காய்ப்பூவைக் கலந்து, அழுத்தாமல் அள்ளிப் பெட்டியில் போட வேண்டும். அமுக்கினால் அன்றைக்குப் புட்டு இல்லை, கட்டிதான்.

பானையில் பாதிக்குக் கீழேதான் தண்ணீர். கூம்பின் முனைக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல் இருக்க வேண்டும். கொதிக்கும்போது தண்ணீர் துள்ளி முனையில் பட்டாலும் அடிப்புட்டு களியாகும். பானை வாயைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் ஆவி பக்கத்தால் போகாது. மேலே மூடி. மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி வந்த பிறகு ஐந்தாறு நிமிடம் போதும். புட்டின் வாசத்தில் பாதி ஓலையுடையது. அலுமினியப் புட்டுக்குழலில் அவித்தாலும் புட்டுத்தான், ஆனால் மூடியில் திரளும் தண்ணீர் திரும்பப் புட்டில் விழும். ஓலை அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். எங்கள் வாக்கு பெட்டிக்கே.

மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் தந்த அயல்வீட்டாருக்கும், சம்பலுக்கு அம்மியில் இருந்த தம்பிக்கும், வாழைப்பழத்தைச் சீனியோடு பிசைந்தே முழுப் புட்டையும் முடித்த சின்னவர்களுக்கும் நன்றி. ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) அனுப்பிய சித்திக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அடியில் படிந்ததும் மேல்நீரை இரண்டு மூன்று தடவை வடிக்காமல் புட்டுக் கொத்தினால் கசப்பில் ஒருவரும் வாய் வைக்க மாட்டார்கள். அதை மா வந்த பையிலேயே எழுதி ஒட்டி அனுப்பியிருந்தார்.

பெட்டி வாங்கிப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப்பெட்டியை நனைத்து, மா இல்லாமல் வெறுமனே இரண்டு தடவை ஆவியில் வையுங்கள். பச்சை ஓலை மணம் போகும். சவர்க்காரம் வேண்டாம், ஓலை அதைக் குடித்துவிடும். தேங்காய்த் தும்பால் இடுக்குகளில் ஒட்டிய மாவைத் தட்டிக் கழுவி, வெயிலில் காயவிட்டு, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்த பெட்டி ஒரு கிழமையில் கறுத்துவிடும்.

இன்னும் மூன்று பெட்டிகள் ஆச்சி வீட்டில் இருக்கின்றன. எடுக்க வருகிறவர்கள் பானை வாயை நூலால் அளந்து, அந்த நூலையும் கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
ஆச்சியின் பேரப்பிள்ளைகள் எல்லோரும்