கீழ்த்தட்டு மட்டும் குளிரவில்லை என்றாயே

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. காலையில் நீ அவசரமாகப் பேசி வைத்துவிட்டதால், சொல்ல நினைத்ததில் பாதி என்னிடமே தங்கிவிட்டது. வேளச்சேரி வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் கல்லாக உறைகிறது, கீழே வைத்த தோசை மாவு மட்டும் ஒரே நாளில் புளித்துப் பொங்கிவிடுகிறது என்றாய். வந்த மெக்கானிக் உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தக்கூட இல்லாமல், கேஸ் போய்விட்டது, நிரப்ப 4,500 ரூபாய் ஆகும் என்று சொன்னதாகவும் சொன்னாய். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடு.

கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவது அன்று. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. எங்காவது துளை விழுந்தால்தான் வெளியேறும். முழுவதும் போயிருந்தால் உன் வீட்டில் ஐஸ் உறையவே உறையாது. கொஞ்சம் குறைந்திருக்கலாமே என்று அவர் வாதாடலாம், அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் மேல்தட்டு நன்றாக உறைகிற பெட்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறொன்று.

உன்னுடையது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. அதில் குளிரூட்டும் காயில் மேல்தட்டின் பின்பலகைக்குப் பின்னால் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து ஒரு சின்ன விசிறி குளிர்காற்றைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் அந்தக் காயிலில் பனியாகப் படியும். அதை உருக்குவதற்கென்றே அடியில் ஒரு ஹீட்டர் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானாகச் சூடாகிப் பனியைக் கரைக்க, அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் பின்புறத் தட்டில் இறங்கி ஆவியாகிவிடும். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் சென்சாரோ, சின்ன ஃபியூஸோ பழுதானால் பனி நாளுக்கு நாள் தடித்துக் காற்று போகும் வழியை அடைத்துவிடும். அப்போது மேலே குளிர் இருக்கும், கீழே காற்று வராது. நீ சொன்ன அறிகுறி அச்சு அசலாக இதுதான்.

இதைச் செலவில்லாமல் நீயே சோதிக்கலாம். பொருள்களையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவுகளையும் ஒரு முழு நாள் திறந்தே வை. தண்ணீர் தரையில் ஓடும், பழைய துண்டுகளைப் போட்டுவை. பொறுமை இழந்து கத்தியால் ஐஸைப் பெயர்க்காதே. நம் தெருவில் ஒரு வீட்டில் அப்படிக் குத்தி, இல்லாத கேஸ் பழுதைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். மறுபடி போட்டபின் கீழ்த்தட்டு நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் குளிராமல் போனால், கோளாறு கேஸில் இல்லை, பனி உருக்கும் பகுதியில் இருக்கிறது. உருக்கியும் குளிரவில்லை என்றால் விசிறி ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல். கேஸைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம்தான்.

அப்படிக் கேஸ்தான் குறைந்திருக்கிறது என்று உறுதியானாலும், துளையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்ப விடாதே, சில மாதங்களில் அதே பணத்தை மறுபடியும் கொடுப்பாய். உன் பெட்டியின் ஸ்டிக்கரில் கேஸின் பெயர் ஆர்-600ஏ என்று போட்டிருக்கிறதா பார். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் அதுதான். அது தீப்பற்றக்கூடிய வாயு. எத்தனை கிராம் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும், வெறும் சில பத்து கிராம்தான். ஆகையால் குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பம்பும் எடை பார்க்கும் தராசும் இல்லாமல், சிலிண்டரும் குழாயைப் பற்றவைக்கும் கருவியுமாக மட்டும் வந்து நிற்பவரை உன் சமையலறைக்குள் விடாதே.

இவ்வளவையும் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், நம் கிரைண்டர் உறுமிக்கொண்டு நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். விற்ற கடைக்காரர் மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்ட வேண்டும் என்றார். உன் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை; ஆவாரம்பாளையத்தில் ஒரு வைண்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார், நானும் போனேன். அந்தப் பெரியவர் முதலில் மோட்டாரை முகர்ந்து பார்த்தார். காயில் எரிந்திருந்தால் வார்னிஷ் கருகிய வாடை வரும், இதில் வரவில்லை என்றார். பிறகு மோட்டாரோடு தொடராக இணைத்துச் சோதிக்கும் சீரிஸ் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டு, உறுமிய மோட்டாரின் தண்டைக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட, அது ஓடத் தொடங்கியது. (நீ இதைச் செய்து பார்க்காதே.) ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தால் மோட்டார் தானாகக் கிளம்பாது, அதைக் கிளப்பிவிடுவது கண்டென்சர், அதுதான் போயிருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டே, 100 ரூபாய் பொருளுக்காக மோட்டாரையே கட்டக் கொடுக்க இருந்தோம்.

உன் படுக்கையறை மின்விசிறி ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றாயே, அதுவும் அநேகமாக இதே கண்டென்சர்தான். பழைய கண்டென்சரின் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அளவு போட்டிருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும். கூடப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. துணி துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் இறங்காததற்கு முன்புறம் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழுவு. சில்லறைக் காசும் கொண்டை ஊசியும் கிடைக்கும்.

கீசர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக எழுதுகிறேன். அதைப் போட்டவுடன் வீட்டு மின்சாரமே டிரிப் ஆகிறது என்றால், உள்ளே ஹீட்டிங் காயில் கீறி மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் காயிலின் மேல் சுண்ணாம்பு படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் அது வெடித்துப்போவது சாதாரணம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி மெயின் பெட்டியில் வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவிதான் உன் உயிரைக் காக்கிறது. அதைக் கழற்றி நேராக இணைத்துத் தருகிறேன் என்றோ, எர்த் ஒயரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றோ சொல்கிறவர் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும், அந்த நிமிடமே அனுப்பிவிடு. காயில் மாற்றும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்.

ஆளை எங்கே தேடுவது என்று கேட்டாய். வாரண்டி இருக்கும்வரை நிறுவனத்தாரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. அவர்கள் எண்ணையும் வாரண்டி அட்டையிலிருந்தே எடு, இணையத்தில் அந்நிறுவனங்களின் பெயரைப் போட்டுக்கொண்டு ஏமாற்றும் எண்கள் நிறைய உலவுகின்றன. உன் பெட்டி இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வகை என்றால் கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருட வாரண்டி இருக்கலாம், பில்லைத் தேடிப் பார். வாரண்டி முடிந்ததற்கு, அடுக்ககத்துக் காவலாளியிடம் கேட்பதைவிட உதிரிபாகம் விற்கும் கடையில் கேள். யார் தினமும் வந்து ஹீட்டரும் சென்சாரும் வாங்கிப் போகிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். (காவலாளிக்குத் தெரிவது யார் கமிஷன் கொடுப்பார் என்பது.) கூப்பிடும்போது 'ஃப்ரிட்ஜ் ஓடவில்லை' என்று சொல்லாதே, எந்தத் தட்டு, எத்தனை நாளாக, என்ன சத்தம், முன்பு யார் திறந்தார் என்று சொல், அவர் சரியான பொருளோடு வருவார். பார்க்க வந்ததற்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடு, அது நியாயம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள். பில்லில் பாகத்தின் பெயரும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் இருக்கட்டும். அப்படி வாங்கிய பில் கையில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடவும் எளிதாக இருக்கும்.

நாளைக் காலையிலேயே மாவையும் தயிரையும் வெளியே எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்று. செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டபின் கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, புதன் காலை அது குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல். அதுவரை அந்த மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லிவை.

அன்புடன்,
அம்மா