எங்கள் மாட்டைக் கறந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

ஜாமீன் கிடைத்து நேற்று சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். சேர்வராயன் மலையடிவாரத்தில் என்ன நடந்தது, குவாரிக்காக மலையைத் தோண்ட வந்த ஜேசிபிக்கு முன்னால் ஏன் போய் உட்கார்ந்தோம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இது நன்றி சொல்வதற்கான மடல்.

முதலில் மேல்தெரு அக்காவுக்கு. அக்கா, என்னை வேனில் ஏற்றியபோது மலையும் நினைவில் இல்லை, வழக்கும் நினைவில் இல்லை. கன்று போட்டுக் கொஞ்ச நாளே ஆன மாடு கட்டுத்தரையில் நிற்கிறதே, கறக்காமல் விட்டு மடி வீங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்ற ஒரே கவலைதான். அத்தைக்குக் கை நடுக்கம். மாடோ புது ஆளைக் கிட்டே சேர்க்காது.

நீங்கள் எங்கள் போராட்டப் பந்தல் பக்கமே வந்ததில்லை. குவாரி வந்தால் மகனுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைக்கும் என்று நம்பினீர்கள், அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னீர்கள். நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. அப்படியிருந்தும் அன்று சாயங்காலமே அத்தையிடம் என் பழைய சேலையை வாங்கிச் சுற்றிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்களாம். என் வாசம் பிடித்து அது அசையாமல் நின்றதாம். கன்றுக்கு ஒரு காம்பு விட்டு, இரண்டு வேளையும் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, பால் அட்டையில் எங்கள் கணக்கிலேயே எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அந்த அட்டையை நீங்கள் நீட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள், காசு வாங்காமல் வாதாடிய வக்கீல்கள், சிறை வாசலில் மாற்றுத்துணியோடு நின்ற கல்லூரிப் பிள்ளைகள், காபித்தோட்டக் கூலியை விட்டுவிட்டு ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அரிசி அனுப்பிய கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டால் உங்களுக்குத் தொந்தரவு வரும் என்றுதான் போடவில்லை.

உள்ளே இருந்தபோது எங்களோடு இருந்த ஒரு பெரியம்மா 1930 உப்பு சத்தியாகிரகத்தைப் பற்றிச் சொன்னார். நம் சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜிதான் அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை நடத்திக் கூட்டிப்போனார். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டியது யார் என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? எனக்கு உடனே அத்தையும் கட்டுத்தரையும்தான் ஞாபகம் வந்தது. கைதாவதற்கு ஒரு நிமிஷத் துணிச்சல் போதும். அப்புறம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

இது சீக்கிரம் முடிகிற வேலையும் இல்லை. சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் சந்தோஷப்பட்டோம்! 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றிவிட்டது.

தடையை மீறித்தான் உட்கார்ந்தோம், அதை மறைக்கவில்லை. வாய்தா தவறாமல் போவேன், தண்டனை எதுவானாலும் ஏற்பேன், மலையைத் தோண்ட வந்தால் மறுபடியும் உட்காருவேன். அக்கா, உங்கள் மகனுக்கு வேலை வேண்டும் என்பதும் நியாயம்தான். அடுத்த ஊர்க்கூட்டத்தில் அதை நானே எழுந்து பேசுகிறேன். உங்கள் செவலை மாடு சினையாக இருக்கிறதே, அது கன்று போடும்போது எந்த ராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.