பிரிக்குக்குள் கை வைக்காதே, மாப்ளே

கோத்தகிரி
ஐப்பசி, மழை நாள்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான்கு நாளாக விடாத மழை, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பஸ் நின்று நின்று போகிறது, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி எல்லோரும் சுகம். யுபிஎஸ் தாங்குகிற வரைக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபைல்கள் நிறைந்த சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று வைத்து இரண்டிலும் ஒரே நகல் இருக்க க்ளஸ்டர்எஃப்எஸ் (ஜி எழுத்தில் ஆரம்பிப்பது, பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகக் காட்டுகிற மென்பொருள்) போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. ஆனால் நான் செய்த தப்பை நீ செய்துவிடக் கூடாது.

என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த படுகப் பாட்டுகள், கோத்தர்களின் கொம்பும் குழலும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 2 ஜிபி. இந்த ஈரத்தில் கேசட்டுகள் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துவிட்டன. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும், ஓட்டினால் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். சிலவற்றை ஒரே ஒரு முறைதான் ஓட்ட முடிந்தது. அந்த ஃபைல் போனால் அந்தக் குரலும் போயிற்று.

நான் என்ன செய்தேன் என்றால், ஃபைல்கள் கிடந்த பழைய ஃபோல்டரையே பிரிக்காகக் காட்டி (சர்வர்கள் சேர்ந்து தருகிற ஒரே சேமிப்பிடம் வால்யூம், அதற்கென்று ஒவ்வொரு சர்வரிலும் ஒதுக்குகிற இடத்தைத்தான் பிரிக் என்கிறார்கள்) ரெப்ளிகா 2, அதாவது இரண்டு நகல் வைக்கிற வால்யூம் உருவாக்கினேன், மற்றவர்கள் நெட்வொர்க்கில் திறக்கிற சாம்பா ஷேரையும் பழைய பாதையிலேயே விட்டுவிட்டேன். பதிவு செய்கிற பையன் வழக்கம்போல அதிலேயே சேமித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் முதல் சர்வரின் பவர் சப்ளை போயிற்று. சரி, அதற்குத்தானே இரண்டாவது இருக்கிறது என்று திறந்தால், பழையதில் மவுண்ட் (வால்யூமைத் திறக்கிற முறையான வாசல்) வழியாக யாராவது தொட்ட ஃபைல்கள் மட்டும் இருக்கின்றன, புதிதாகப் பதிந்ததில் ஒன்றுகூட இல்லை. கை கால் ஓடவில்லை. நல்லவேளை டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

க்ளஸ்டரில் நகல் எடுப்பது மவுண்ட் செய்த கிளையண்ட், அதாவது வால்யூமைத் திறந்து வைத்திருக்கிற மெஷின். அதுதான் ஒரே நேரத்தில் எல்லா பிரிக்குக்கும் எழுதுகிறது. அந்த வழியாக வந்த ஃபைலுக்குத்தான் ஜிஎஃப்ஐடி என்ற அடையாளம் விழும். நேராகப் பிரிக்குக்குள், பின்வாசலில் போட்டதை வால்யூம் அறியவே அறியாது. அதனால்தான் ஹீல் இன்ஃபோ (நகலாக வேண்டியது எத்தனை பாக்கி என்று சொல்கிற கட்டளை) கேட்டால் நிலுவை 0 என்று காட்டியது, நானும் நம்பினேன்.

நீ இப்படிப் போ. எல்லாவற்றையும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடு. புது சர்வரின் டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து, அந்த ஒரே ஒரு காலி பிரிக்கோடு வால்யூமைத் தொடங்கி, மவுண்ட் செய்து, பழைய சர்வரிலிருந்து ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கிற கட்டளையை வைத்து மவுண்டுக்குள் அனுப்பு. கடைசி முறை ஆர்சிங்க் ஓடும்போது ஷேரை நிறுத்திவை. திரும்பத் திறக்கும்போது அது மவுண்ட் பாதையைக் காட்ட வேண்டும், பிரிக்கை இல்லை. இரண்டு பக்கமும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுகிற சரிபார்ப்பு எண்) ஒத்துப்போன பிறகுதான் பழைய டிஸ்க்கைத் துடைத்து, ஆட்-பிரிக் கட்டளையில் ரெப்ளிகா 2 என்று அதைச் சேர்க்க வேண்டும். புது நகலை நிரப்புகிற ஹீல் முடிய நேரமாகும், பொறுத்துக்கொள்.

இரண்டோடு நிறுத்தாதே. எல்லாம் சரிசெய்த பிறகு ஒரு ராத்திரி கற்பூர மரம் ஒன்று சாய்ந்து, சர்வர்கள் இருக்கிற இரண்டு கட்டடத்துக்கும் நடுவே போகிற கேபிள் அறுந்தது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பையன், இருவரும் ஒரே அட்டவணை ஃபைலில் எழுதிக்கொண்டே இருந்தோம். கேபிளை ஒட்டியதும் அந்த ஃபைலைத் திறந்தால் இன்புட்-அவுட்புட் எரர். இதுதான் ஸ்ப்ளிட்-பிரெயின், எந்த நகல் சரி என்று வால்யூமுக்கே தெரியாத நிலை. கடைசியாக எழுதியதை வைத்துக்கொள் என்று சொல்லித் தீர்த்தேன், மற்றவர் எழுதியது போயிற்று, அரைநாள் வேலையைக் கையால் திரும்ப அடித்தோம். மூன்றாவதாக ஓர் ஆர்பிட்டர் (நடுவராக இருக்கிற பிரிக்) இருந்தால், தனியாக அறுந்துபோன பக்கம் எழுதவே முடியாது. அதில் ஃபைலின் பெயரும் விவரமும் மட்டும்தான், உள்ளே இருப்பது போகாது. ஃபைலுக்கு 4 கேபி என்று கணக்கு வை, 6 லட்சம் ஃபைலுக்கு 2.4 ஜிபி, மூலையில் கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பே போதும்.

இந்த க்ளஸ்டர்எஃப்எஸ்ஸை ஆரம்பித்த ஏ.பி.பெரியசாமி சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தெரியுமா? 2011-ல் ரெட்ஹேட் என்ற மென்பொருள் கம்பெனி 136 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. அவர்களுடைய கட்டண ஆதரவு 2024 கடைசியோடு முடிந்துவிட்டது, உன் முதலாளி கேட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிடு.

இன்னொன்று, ஒரு பக்கம் அழித்தால் எல்லாப் பக்கமும் அதே நொடியில் அழியும். ஆகவே அந்த வெளி டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுத்துவிடாதே. என்னுடையது போன வாரம் கடகட என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. பொங்கலுக்கு வரும்போது காந்திபுரத்தில் 4 டிபியில் ஒன்று வாங்கி வா, காசு இங்கே தருகிறேன். ஸ்வெட்டரையும் மறக்காதே, அப்போது உறைபனி விழும்.

உன் பழைய ரூம்மேட்